அஞ்சு ஓட்டை, அஞ்சரை இன்ச்

போன மாசம் சேத்தியாத்தோப்புக்குப் போயிருந்தப்ப அப்பா ஒரு வேலை கொடுத்தார்.

"தம்பி, ஆர்மடாவுக்கு டிஸ்க் பாருடா. ஸ்டெப்னியோட சேர்த்து அஞ்சு. பழசு வேணாம்."

அவ்வளவுதான். என்ன சைஸ், எந்தக் கம்பெனி, ஒண்ணும் சொல்லலை. எதுக்கு இப்பன்னு நான் கேட்கவும் இல்லை. கேட்க வேண்டிய அவசியம் இல்லாத வீட்டுக் கதை அது. அஞ்சு வீல் வாங்குறதுக்கு ஒரு பதிவா, அதுவும் வரலாற்றுப் பதிவான்னு முறைக்காதீங்க மக்களே. வாங்கப் போன இடத்துல 1941-ஆம் வருஷம் வந்து குறுக்கே நின்னுச்சு. அதனாலதான் எழுதறேன் :-)

முதல்ல வண்டி. மஹிந்திரா ஆர்மடா. 1993-ல சந்தைக்கு வந்த மாடல். ஜீப்போட அடிக்கட்டு மேல இரும்புக் கூண்டு கட்டி, பின்னால ஆளோ மூட்டையோ எது வேணும்னாலும் ஏத்திக்கலாம்னு செஞ்ச வேகன். எங்க வீட்டுக்கு 2001-ல செகண்ட் ஹேண்டா வந்துச்சு. அப்பா வெச்சிருந்தது எலக்ட்ரிக் சாமான் கடை. விருத்தாசலம் பீங்கான் பேட்டையிலேருந்து ப்யூஸ் கேரியர், கட் அவுட், இன்சுலேட்டர் எல்லாம் வைக்கோல் போட்ட பெட்டியில அடுக்கி ஏத்திக்கிட்டு, கம்மாபுரம் வழியா வீட்டுக்கு வரும். பொங்கலுக்கு முன்னாடி மட்டும் பீங்கான் பொம்மையும் கொஞ்சம். பீங்கான் எவ்வளவு கனம்னு தூக்கிப் பார்த்தவங்களுக்குத்தான் தெரியும்.

இப்ப அந்த நாள். 2009, ஐப்பசி மழை. அப்பா ஓட்டறார், அம்மா முன் சீட்டுல, நான் பின்னாடி பெட்டிகளோட. கம்மாபுரம் தாண்டினதும் பின்னால இடது பக்கத்துலேருந்து டக்... டக்னு ஒரு சத்தம். "கல்லு மாட்டியிருக்கும்"னார் அப்பா. ரெண்டு நிமிஷத்துல வண்டி பின்பக்கம் வாலாட்டுற மாதிரி ஆட ஆரம்பிச்சுது. அப்பா பிரேக்கை அழுத்தாம மெதுவா ஓரம் கட்டினார். அது அவரோட நிதானம். வேற யாராவது இருந்தா மிதிச்சிருப்பாங்க.

இறங்கிப் பார்த்தா அஞ்சு நட்டுல ரெண்டைக் காணோம். மூணாவது நட்டை விரலாலேயே திருப்ப முடிஞ்சுது. மிச்ச ரெண்டு போல்ட்டும் வேர் வரைக்கும் தேஞ்சு, டிஸ்க்கோட ஓட்டை முட்டை வடிவத்துக்கு இழுபட்டிருந்துச்சு. இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தா சக்கரம் எங்களை ஓவர்டேக் பண்ணியிருக்கும். எதிர்ல கரும்பு ஏத்தின டிராக்டர் ஒண்ணு பின்னால ஒண்ணா வந்துக்கிட்டு இருந்துச்சு. சீசன் டைம்.

அம்மா ஒண்ணும் பேசலை. அடுத்த பஸ்ஸை நிறுத்தி ஏறிப் போயிட்டாங்க. அதுக்கப்புறம் அந்த வண்டியில ஏறவே இல்லை. அப்பாவும் சில மாசம் ஓட்டிட்டு, கொட்டாய்ல நிறுத்திட்டார்.

ஏன் அப்படி ஆச்சுங்கறதுதான் இந்தப் பதிவு. அதைச் சொல்லணும்னா கொசுவத்தியைக் கொஞ்சம் நல்லாவே சுத்தணும்.

*

1940 ஜூலை. ஐரோப்பாவுல ஜெர்மன் படை பிரான்ஸை விழுங்கி முடிச்சிருந்த நேரம். அமெரிக்க ராணுவம் அவசர அவசரமா 135 கம்பெனிகளுக்கு ஓலை அனுப்புது: நாலு சக்கரமும் இழுக்கற மாதிரி ஒரு சின்ன வண்டி வேணும், 49 நாள்ல மாதிரி வண்டியை நிறுத்தணும். நிறுத்திக் காட்டினது பென்சில்வேனியா மாநிலத்துல பேன்டம்னு ஒரு சின்னக் கம்பெனி. கார்ல் ப்ராப்ஸ்ட்ங்கற இன்ஜினியர் படம் போட்டார். செப்டம்பர் 23-ஆம் தேதி வண்டி ராணுவ முகாம் வாசல்ல நின்னுச்சு.

49 நாள்ல எவனாலும் அச்சு, ஹப், சக்கரம் எல்லாத்தையும் புதுசா யோசிக்க முடியாது. அப்ப ஓடிக்கிட்டு இருந்த ஸ்டூடிபேக்கர் காரோட அச்சை எடுத்து, ஸ்பைசர் கம்பெனி அதைத் திருத்திக் கொடுத்துச்சு. அதுக்கப்புறம் 1941-ல வில்லிஸ் கம்பெனிக்குப் பெரிய ஆர்டர் போச்சு. அதே வண்டியை ஃபோர்டும் செஞ்சுது. போர் முடியறதுக்குள்ள ரெண்டு பேருமா ஆறு லட்சத்துக்கும் மேல ஜீப் செஞ்சு தள்ளிட்டாங்க.

அந்த ஜீப்போட ஹப்புல அஞ்சு போல்ட். அந்த அஞ்சு போல்ட்டோட நடுப்புள்ளி வழியா ஒரு வட்டம் போட்டா, குறுக்களவு அஞ்சரை இன்ச். மில்லிமீட்டர்ல 139.7. அந்தக் காலத்து ஃபோர்டு பிக்கப்புலயும் இதே அஞ்சு, இதே அஞ்சரைதான். ஜீப் மட்டும் கண்டுபிடிச்ச ரகசியம் இல்லை. ஆனா உலகம் பூரா அதைக் கொண்டுபோய்க் கொட்டினது ஜீப்.

இந்த ஜீப் வீல்ல ரெண்டு விசேஷம் உண்டு. ரெண்டும் என் கதைக்கு வேணும்.

ஒண்ணு, இடது மரை. ஜீப்போட இடது பக்கம் நின்னு பாருங்க. வண்டி முன்னால போகும்போது சக்கரம் இடஞ்சுழியா சுத்தும். சாதாரண நட்டும் இடஞ்சுழியாத்தான் கழலும். சுத்தற சுத்துல நட்டு தானாக் கழண்டுடுமோன்னு பயந்து, இடது பக்கத்து ரெண்டு சக்கரத்துக்கும் போல்ட்டுல மரையையே மாத்தி வெட்டினாங்க. போல்ட் நுனியில 'எல்'னு இங்கிலீஷ் எழுத்து குத்தியிருக்கும். தெரியாதவன் கையில வீல் ஸ்பேனர் போச்சுன்னா தீர்ந்துச்சு. சின்ன வயசுல நானே பார்த்திருக்கேன். எங்க ஊர் கான்ட்ராக்டர் ஒருத்தர் ஏலத்துல எடுத்த பழைய ஜீப், வெள்ளாத்து அணைக்கட்டுப் பக்கம் பஞ்சர். டிரைவர் ஸ்பேனர் மேல ஏறி நின்னு குதிக்கிறார். கழட்டறேன்னு நினைச்சு முறுக்கிக்கிட்டே இருக்கார். மடார்! போல்ட் ஒடிஞ்சு வந்துடுச்சு. அந்த ஆளு அடுத்த நட்டையும் அதே மாதிரி முயற்சி பண்ணினார்ங்கறது சோகம் :-(

பிற்பாடு நட்டோட அடிப்பகுதியைக் கூம்பாச் செதுக்கி, டிஸ்க் ஓட்டையையும் அதே கூம்பா வெச்சா, ரெண்டும் கவ்விப் பிடிச்சுக்கும், மரை எந்தப் பக்கம் இருந்தாலும் கவலையில்லைன்னு உறுதியாச்சு. இடது மரை மெல்ல மறைஞ்சுது.

ரெண்டாவது விசேஷம், போர்க்காலத்துல வந்த ரெட்டை டிஸ்க். ரெண்டு பாதியா இருக்கும், எட்டு நட்டு போட்டுச் சேர்த்திருப்பாங்க. போர்க்களத்துல நெம்புகோல் இல்லாம டயர் கழட்டலாம். ஆனா காத்து இறக்காம அந்த எட்டு நட்டைக் கழட்டினா, மேல் பாதி பீரங்கிக் குண்டு மாதிரி கிளம்பும். ஆளையே கொன்னுடும். வீலைக் கழட்டற அஞ்சு நட்டு எது, டிஸ்க்கைப் பிரிக்கிற எட்டு நட்டு எதுன்னு தெரியறது உயிர் பிரச்சினை.

கவனிங்க, நட்டு வெறும் நட்டு இல்லைங்கறது ஆரம்பத்துலேருந்தே கூட வர்ற பாடம். நாமதான் மறந்துட்டோம்.

*

போர் முடிஞ்சுது. வில்லிஸ்காரங்க கையில தொழிற்சாலை இருக்கு, ஆர்டர் இல்லை. 1946-ல ப்ரூக்ஸ் ஸ்டீவன்ஸ்ங்கற வடிவமைப்பாளர் ஜீப் மூஞ்சியை வெச்சே ஒரு ஸ்டேஷன் வேகன் போட்டார். ஸ்டேஷன் வேகன்னா நிஜமாவே ரயில்வே ஸ்டேஷன்தான். ரயில்ல வந்து இறங்கற ஆளையும் பெட்டியையும் ஏத்திக்கிட்டுப் போற வண்டி. அதுவரைக்கும் அதுக்கு மரத்துலதான் உடம்பு கட்டுவாங்க. மழைக்கு ஊறும், வருஷா வருஷம் வார்னிஷ் அடிக்கணும். இவர் முழுக்க இரும்புத் தகட்டுல செஞ்சார். 1949-ல அதுக்கே நாலு சக்கர இழுவையும் வந்துச்சு. இன்னிக்கு எஸ்யூவின்னு சொல்லிக்கிட்டு ரோட்டை அடைச்சுக்கிட்டுப் போற அத்தனை வண்டிக்கும் இது தாத்தா முறை.

இந்தியாவுல, 1945-ல இரும்பு வியாபாரத்துக்காக ஆரம்பிச்ச மஹிந்திரா அண்ட் முகமது கம்பெனி, பாகப்பிரிவினைக்கு அப்புறம் 1948-ல மஹிந்திரா அண்ட் மஹிந்திரான்னு பேர் மாத்திக்கிச்சு. குலாம் முகமது பாகிஸ்தானுக்குப் போய் அங்க முதல் நிதியமைச்சர் ஆயிட்டார். இவங்க பம்பாயில வில்லிஸ் ஜீப்பைப் பெட்டியில வரவழைச்சுப் பூட்ட ஆரம்பிச்சாங்க. அப்புறம் உரிமம் வாங்கி இங்கேயே செஞ்சாங்க. நாம எல்லாரும் சினிமாவுல போலீஸ் ஜீப்னு பார்த்த உசரமான பானட் வெச்ச ஜீப் சிஜே-3பி. ஜப்பான்ல மிட்சுபிஷியும் அதே ஜீப்போட உரிமத்தை வாங்கி 1953-லேருந்து 1998 வரைக்கும் ஜீப் செஞ்சுது.

1952 அக்டோபர் 2-ல சமுதாய வளர்ச்சித் திட்டம் வந்துச்சு. ஊருக்கு ஊர் பிளாக் ஆபீஸ், பிளாக் ஆபீஸுக்கு ஒரு ஜீப். 'பி.டி.ஓ. ஜீப் வருது'ன்னா கிராமமே எழுந்து நிக்கும்னு அப்பா சொல்வார். 1956-ல நெய்வேலியில நிலக்கரிக் கழகம் வந்தப்புறம் எங்க பக்கம் ஜீப் இன்னும் ஜாஸ்தி. அணைக்கட்டைப் பார்க்க வர்ற பொதுப்பணித்துறை இன்ஜினியர் ஜீப் வேற. அரசாங்க ஜீப்புக்கு வயசானா ஏலம். ஏலத்துல எடுத்தவருக்கு வயசானா அடுத்தவர். கடைசியில அச்சும் சக்கரமும் மட்டும் தனியாக் கழண்டு, டயர் வண்டியில போய் உட்காரும். கரும்பு ஏத்திக்கிட்டு சர்க்கரை ஆலைக்குப் போற மாட்டு வண்டிங்க சிலதுல இருந்த டிஸ்க்கை இப்ப நினைச்சுப் பார்த்தா, அதே அஞ்சு ஓட்டை! அப்ப எனக்குத் தெரியலை.

ஜீப்போட டயர் சைஸ் 6.00-16. ஆறு இன்ச் அகலம், பதினாறு இன்ச் டிஸ்க். எண்பது வருஷம் கழிச்சும் இந்த சைஸ் சாகாம இருக்கறதுக்கு ஒரு காரணம் டிராக்டர். டிராக்டரோட முன் டயர் நிறைய மாடலுக்கு 6.00-16தான். சேத்தியாத்தோப்பு மாதிரி கரும்பும் நெல்லும் விளையற ஊர்ல எந்த டயர் கடையிலயும் தொங்கும். ஜீப்புக்கு டயர் கிடைக்கலைன்னா அதையே மாட்டிக்கிட்ட புண்ணியவான்கள் உண்டு. தயவு செஞ்சு வேணாம். மூணு வரி போட்ட அந்த டயரை உழவு ஓட்டறதுக்குத்தான் செய்யறாங்க. மணிக்கு 30, 40 கிலோமீட்டருக்கு மேல தாங்கணும்னு யாரும் கணக்குப் போடலை.

இதுல நம்ம தமிழ்நாட்டுப் பங்கையும் சொல்லிடறேன். சென்னை திருவொற்றியூர்ல 1946-ல பலூன் செய்ய ஆரம்பிச்ச மாம்மன் மாப்பிள்ளையோட மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி, 1952-ல ரீட்ரேடிங் ரப்பருக்கு வந்து, 1960-களோட ஆரம்பத்துல அமெரிக்க மேன்ஸ்ஃபீல்டு கம்பெனியோட சேர்ந்து டயருக்குப் போச்சு. அதான் எம்.ஆர்.எஃப். கிட்டத்தட்ட அதே நேரத்துல, 1960-ல, டி.வி.எஸ். குடும்பத்துலேருந்து வீல்ஸ் இந்தியா பிறந்து பாடியில டிஸ்க் அடிக்க ஆரம்பிச்சுது. வடக்குல ரப்பர், மேற்குல இரும்பு. நாட்டுல ஓடற எத்தனையோ வண்டியோட காலும் செருப்பும் மெட்ராஸ்ல செஞ்சது.

*

சரி, அஞ்சரை இன்ச் வட்டத்துக்கு வருவோம். ஜீப் போன ஊர்ல எல்லாம் அந்த வட்டமும் போச்சா? இங்கதான் விஷயம் சுவாரசியம்.

இங்கிலாந்துல 1948-ல லேண்ட் ரோவர் வந்துச்சு. முதல் மாதிரி வண்டியை ஜீப் சட்டத்து மேலதான் கட்டினாங்க. ஆனா சக்கரத்துக்கு அஞ்சு போல்ட், ஆறரை இன்ச் வட்டம்னு தனி வழி போயிட்டாங்க. பார்த்தா ஒரே மாதிரி இருக்கும், மாட்டினா ஏறாது. டொயோட்டா லேண்ட் குரூசரும் நிசான் பெட்ரோலும் அஞ்சரை இன்ச்சையே வெச்சுக்கிட்டு ஆறு போல்ட் ஆக்கினாங்க. ஜீப் கம்பெனியே 1987-ல ராங்ளர் கொண்டு வந்தப்ப நாலரை இன்ச்சுக்கு இறங்கிடுச்சு. பெத்தவங்களே கைவிட்ட மாதிரி.

கைவிடாதவங்க யாருன்னு பார்த்தா, சுசுகி. அவங்களோட சின்ன ஜீப்புல அஞ்சு போல்ட், 139.7. அதுதான் 1985-ல மாருதி ஜிப்ஸியா நம்ம ஊருக்கு வந்து, 2010-களோட கடைசி வரைக்கும் ஓடிச்சு. ரஷ்யாவோட லாடா நிவாவும் அதே. நம்ம மஹிந்திராவும் அதே. ஜீப், ஆர்மடா, 2000-ல ஆர்மடாவோட வாரிசா வந்த பொலேரோ, எல்லாம் அதே அஞ்சு, அதே அஞ்சரை. 2002-ல ஸ்கார்பியோ வந்தப்பதான் மஹிந்திரா 160 மில்லிமீட்டருக்குத் தாண்டிச்சு.

ஆக, 49 நாள் அவசரத்துல பிறந்த ஒரு வண்டியோட அளவு, பம்பாய் வழியா வந்து எங்க வீட்டுக் கொட்டாய்ல நிக்குது. அதனாலதான் ஆர்மடா நின்னு போய் இத்தனை வருஷம் ஆகியும் எனக்கு இன்னிக்குப் புது டிஸ்க் கிடைக்கும். வேற பழைய வண்டி வெச்சிருக்கறவங்களைக் கேளுங்க, இது எவ்வளவு பெரிய வரம்னு.

நீங்களும் அளந்து பார்க்கலாம். அஞ்சு போல்ட் இருந்தா எதிர் எதிரா போல்ட் இருக்காது, குறுக்கே அளக்க முடியாது. பக்கத்துப் பக்கத்து ரெண்டு போல்ட்டோட நடுவுக்கு நடு அளந்து 1.7-ஆல பெருக்குங்க. எங்க வண்டியில 82 மில்லிமீட்டர் வந்துச்சு. பெருக்கினா 139.4. கை நடுக்கத்தைக் கழிச்சுட்டா கணக்கு சரி.

*

வரம்னு சொன்னேன் இல்லையா, அதே வரம்தான் எங்களைக் கவிழ்க்கப் பார்த்துச்சு.

2009-ல மழைக்கு முன்னாடி, பின் இடது சக்கரத்துல ரெண்டு போல்ட் மரை போயிருந்துச்சு. அப்பா ஒரு பட்டறையில விட்டார். பேர் வேண்டாம், ஊரும் வேண்டாம். அங்க ஆர்மடா போல்ட் இல்லை. ஜிப்ஸி போல்ட் இருந்துச்சு. "அதே அஞ்சு ஓட்டை தானே சார், அதே வட்டம்"னு சொல்லி, ரெண்டு ஜிப்ஸி போல்ட்டை உள்ளே வெச்சு, ஆடாம இருக்கப் பின்னால ஒரு பொட்டு வெல்டிங் போட்டுக் கொடுத்துட்டாங்க. நட்டு பழைய நட்டேதான்.

எங்க வண்டி போல்ட், ஜீப் காலத்து அரை இன்ச் போல்ட். இன்ச்சுக்கு இருபது மரை. ஜிப்ஸியோடது எம் 12, அதாவது 12 மில்லிமீட்டர். அரை இன்ச்னா 12.7. வித்தியாசம் முக்கால் மில்லிமீட்டர் கூட இல்லை. இப்ப மரைக்கும் மரைக்கும் இடைவெளி பாருங்க. இன்ச்சுக்கு இருபதுன்னா ஒரு மரைக்கு 1.27 மில்லிமீட்டர். ஜிப்ஸி போல்ட்டுல 1.25. கிட்டத்தட்ட ஒண்ணு! அதனால பெரிய நட்டு சின்ன போல்ட்டுல அழகா ஏறும், அழகா சுத்தும், கடைசியில இறுகின மாதிரியே இருக்கும். ஆனா மரையோட நுனி மட்டும்தான் நுனியைத் தொட்டுக்கிட்டு நிக்கும். இடைவெளி கொஞ்சம் முன்னப் பின்ன இருந்திருந்தா நட்டு ஏறவே ஏறியிருக்காது, பட்டறைக்காரரும் வேற போல்ட் தேடியிருப்பார். இவ்வளவு ஒத்துப் போனதுதான் வினை.

பீங்கான் பெட்டி பாரம், மழைக் குழி, அந்த ரெண்டு நட்டும் மரை உரிஞ்சு பறந்துடுச்சு. மிச்ச மூணு போல்ட்டும் அஞ்சு பேர் வேலையைச் செஞ்சு ஓய்ஞ்சு போச்சு.

இதைக் கண்டுபிடிச்சது நான் இல்லை. எங்க ஊர் மெக்கானிக் அண்ணன். வெர்னியர் வெச்சு அளந்து அப்பாகிட்ட நீட்டினார். அப்பா ரொம்ப நேரம் அந்த போல்ட்டைக் கையில வெச்சு உருட்டிக்கிட்டே இருந்தார். "எலக்ட்ரிக் கடை வெச்சிருக்கேன். பதினஞ்சு ஆம்பியர் ப்யூஸ் கேரியர்ல முப்பது ஆம்பியர் கம்பி போட்டா கஸ்டமரைத் திட்டுவேன். என் வண்டியில பார்க்கலையே"ன்னார். அந்தப் பட்டறைக்காரரை அவர் ஒரு வார்த்தை திட்டலை. தன்னைத்தான் திட்டிக்கிட்டார்.

எனக்குத் தோணறது இதுதான். ஒரு அளவு ரொம்ப நாள் மாறாம இருந்தா, அதைச் சுத்தி இருக்கற மத்த அளவுகளும் மாறலைன்னு நம்ம புத்தி நம்பிடும். அஞ்சு ஓட்டை 1941-லேயே நின்னுடுச்சு. மரை மாறிடுச்சு, கூம்பு மாறிடுச்சு, பாரம் மாறிடுச்சு. ஓட்டைதான் கண்ணுக்குத் தெரியுது.

*

அதனால இந்த தடவை வீல் தேடும்போது ஓட்டையை விட்டுட்டு மத்ததை எல்லாம் பட்டியல் போட்டேன்.

முதல்ல இருக்கறதையே வெச்சுக்கலாமா? எங்களுக்கு முன்னாடி வெச்சிருந்தவர் பதினாறு இன்ச் ஜீப் டிஸ்க் மாட்டியிருந்தார். குறுகலான டிஸ்க், டியூப் டயர். இதுல டியூப்லெஸ் போட முடியாது. டியூப்லெஸ் டிஸ்க்கோட உள்வரம்புல சின்ன மேடு ஒண்ணு ஓடும். காத்து குறைஞ்சாலும் டயர் விளிம்பு உள்ளே நழுவாம அது தடுக்கும். பழைய டிஸ்க்குல அந்த மேடு கிடையாது. போதாததுக்கு ஒண்ணுல ஓட்டை முட்டை வடிவம். கழிச்சாச்சு.

ரெண்டாவது, ஜிப்ஸி டிஸ்க். சென்னைக்கு வந்தப்ப புதுப்பேட்டையில பார்த்தேன். நல்ல கண்டிஷன், பதினஞ்சு இன்ச், ஓட்டை கச்சிதம். ஆனா ஜிப்ஸியோட வெறும் எடையே ஒரு டன்னை ஒட்டித்தான். ஆர்மடா அதைவிட ரொம்ப கனம், அதுக்கு மேல பீங்கான். டிஸ்க் தாங்கற பாரம்னு ஒண்ணு உண்டு, அது ஓட்டையைப் பார்த்தாத் தெரியாது. கழிச்சாச்சு.

மூணாவது, அலாய். தம்பி முறைப் பசங்க எல்லாம் "அண்ணா, அகலமா, வெளியில தள்ளி நிக்கிற மாதிரி போடுங்க, சும்மா அள்ளும்"னாங்க. சக்கரம் வெளியில தள்ளத் தள்ள, பாரம் பேரிங்குக்கு நேரா விழாம வெளியில விழும். பேரிங் சீக்கிரம் போகும், ஸ்டியரிங் கையை இழுக்கும், சேறு கதவு வரைக்கும் அடிக்கும். டிஸ்க் ஹப்புல உட்கார்ற முகத்துக்கும் டிஸ்க் அகலத்தோட நடுக்கோட்டுக்கும் உள்ள இந்தக் கணக்குக்குப் பேர் ஆஃப்செட். அலாய்க்கு நட்டும் வேற. கூம்பு, நீளம் ரெண்டும் ஒத்துப் போகணும். நட்டு பத்தின கதையை இன்னொரு தடவை ஆரம்பிக்க எனக்கு தைரியம் இல்லை.

நாலாவது, பொலேரோவோட சாதா இரும்பு டிஸ்க். பதினஞ்சு இன்ச். ஆர்மடாவோட வாரிசு வண்டி, அதே மாதிரி பாரத்துக்குச் செஞ்சது, டியூப்லெஸ் போடலாம், எந்த ஊர்லயும் கிடைக்கும். பார்க்க ஒரு அழகும் இல்லை. அப்பாவுக்கு ஒரே தடவையில பிடிச்சுப் போச்சு.

டயர் உசரமும் கணக்குப் போட்டோம். பழைய 6.00-16 தோராயமா 730 மில்லிமீட்டர் நிக்கும். பொலேரோவுக்கு வர்ற 215/75 ஆர் 15 போட்டா 703. கொஞ்சம் குள்ளம், மீட்டர் 60 காட்டினா நிஜத்துல 58 போவோம். 235/75 போட்டா 733, பழைய உசரமே வரும், ஆனா அகலம் ஜாஸ்தி, திருப்பும்போது உள்ளே உரசலாம். அப்பா சொன்னார், "எழுபது வயசுக்கு மேல ரெண்டு கிலோமீட்டர் மெதுவாப் போனா என்னடா." 215 ஓகே ஆச்சு.

மாட்டறதுக்கு முன்னாடி மெக்கானிக் அண்ணன் இருபது போல்ட்டையும் ஒண்ணு விடாம வெர்னியர் வெச்சு அளந்தார். பின் இடது ஹப்புல அஞ்சும் புதுசு. டிஸ்க் ஹப்போட நடு ஓட்டையில சரியா உட்காருதான்னு விளக்கடிச்சுப் பார்த்தார். நட்டு விஷயத்துல அவர் சொன்ன ஒரு வரியை இங்க எழுதி வைக்கணும்: "தம்பி, நட்டோட மரை போல்ட்டுக்குச் சொந்தம், நட்டோட கூம்பு டிஸ்க்குக்குச் சொந்தம். ரெண்டு வீட்டுக்கும் சம்மதம்னாத்தான் கல்யாணம்." எண்பது வருஷ வீல் வரலாறு மொத்தமும் அதுல அடங்கிப் போச்சு.

கிளம்பற அன்னிக்கு அப்பா வண்டியைத் திண்ணை முன்னாடி நிறுத்தி ஹாரன் எல்லாம் அடிக்கலை. சும்மா நிறுத்தினார். அம்மா வாசல்ல நின்னு புது சக்கரத்தைப் பார்த்தாங்க. "நட்டு முறுக்கியிருக்கா?"ன்னு கேட்டாங்க. அப்பா ஸ்பேனரை எடுத்து அவங்க கண் முன்னாலயே ஒவ்வொண்ணாத் தொட்டுக் காட்டினார். ஒண்ணு விட்டு ஒண்ணு, நட்சத்திரம் போடற மாதிரி. அப்பவும் அம்மா ஏறலை. "நீங்க ரெண்டு பேரும் முதல்ல போயிட்டு வாங்க"ன்னுட்டாங்க.

போனோம். விருத்தாசலம் வரைக்கும். புது டிஸ்க் மாட்டினா கொஞ்ச தூரம் ஓடினதும் மறுபடி நட்டை முறுக்கணும்; டிஸ்க்கும் ஹப்பும் ஒண்ணோட ஒண்ணு படிஞ்சு உட்கார்ந்ததும் பிடி லேசாத் தளரும். கம்மாபுரத்துல நிறுத்தினோம். அதே ரோடு. ரெண்டு நட்டு கால் சுத்து வாங்குச்சு, மிச்சம் அசையலை. திரும்பி வந்ததும் அப்பா முதல்ல அதைத்தான் அம்மாகிட்ட சொன்னார். ரெண்டு நட்டு தளர்ந்திருந்துச்சுன்னு மறைக்காம சொன்னார். எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு, இதை ஏன் சொல்றார்னு.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா விருத்தகிரீஸ்வரர் கோவிலுக்குப் போகணும்னு சொன்னாங்க. பஸ்லயான்னு கேட்டேன். "ஸ்பேனரை எடுத்து வண்டியில வை"ன்னாங்க.

பழைய பதினாறு இன்ச் டிஸ்க்குல நல்லா இருந்த நாலும் இப்ப கொட்டாய்ல கிடக்கு. முட்டை ஓட்டை விழுந்த அஞ்சாவதை காயலான் கடையில போட்டாச்சு, அதை யாருக்கும் கொடுக்கக் கூடாதுன்னு அப்பா உத்தரவு. மத்த நாலுல ரெண்டை, டயர் வண்டி வெச்சிருக்கற ஒருத்தர் கேட்டிருக்கார். கொடுக்கலாம்னு இருக்கோம். போல்ட்டை அளந்து பார்த்துட்டு :-)

மக்களே, உங்க வீட்டுலயும் வயசான வண்டி ஏதாவது நின்னா, எந்த நட்டு எந்த போல்ட்டுல இருக்குன்னு ஒரு ஞாயித்துக்கிழமை பாருங்க. அஞ்சு நிமிஷ வேலை. பார்த்துட்டு, உங்க வண்டி எத்தனை ஓட்டை, எத்தனை இன்ச்னு எனக்கும் சொல்லுங்க.